பள்ளி நூலகத்துக்குள் ஊரைக் கூட்டி வருவது எப்படி? சேலம், ஏற்காடு பள்ளிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளி நூலகத்துக்கு உதவ யாராவது முன்வந்தால் நம் வாயில் முதலில் வருவது, "ரெண்டு பீரோ, கொஞ்சம் புத்தகம்" என்பதுதான். அவரும் வாங்கித் தருவார், போட்டோ எடுத்துக்கொள்வார், போய்விடுவார். அடுத்த மாதம் பீரோ பூட்டியே கிடக்கும். கொடுத்தவர் மேல் குறை சொல்ல முடியாது, கேட்டதைக் கொடுத்தார். அவருக்கு ஒரு தொழில் தெரியும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கவும் முடியும். அதைத்தான் நாம் கேட்காமல் விட்டுவிட்டோம்.

அதைக் கேட்டுப் பெறுவது எப்படி என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நூலகர் என்று நான் சொல்வது பட்டம் பெற்று அந்த வேலையில் இருப்பவரை மட்டும் அல்ல. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியரோ, உடற்கல்வி ஆசிரியரோதான் நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இது.

முதலில் அலமாரி

வெளியாட்களைக் கூப்பிடுவதற்கு முன் நூலகம் திறந்திருக்க வேண்டும், பிள்ளைகள் கை படுகிற உயரத்தில் புத்தகம் இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்பட எல்லாப் பாடங்களுக்கும் நூல்கள் வேண்டும் என்று இருக்கிறது. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு நிலைக்கு ஏற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. உங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, என்ன வாங்கினார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டு, கிழிந்ததையும் காலாவதியான நோட்ஸ் புத்தகங்களையும் ஒதுக்குங்கள். ஒரு வார வேலை. இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். எல்லாம் ஒழுங்கான பிறகுதான் அடுத்த வேலை என்று உட்கார்ந்தால் ஆண்டே முடிந்துவிடும்.

முதல் கூட்டாளி பக்கத்து வகுப்பில் இருக்கிறார்

கூட்டு முயற்சி என்றதும் மனம் கம்பெனி, கல்லூரி, தொண்டு நிறுவனம் என்று ஓடும். எனக்கு அனுபவத்தில் உறுதியாகத் தெரிந்தது ஒன்று: பாடம் நடத்தும் ஆசிரியர் உங்களோடு இல்லை என்றால் வெளியிலிருந்து யார் வந்தாலும் அது ஒரு நாள் விழாவாகவே முடியும்.

அதனால் ஜூன் மாதத்தில், பாட வேளை இல்லாத நேரமாகப் பார்த்து, ஆசிரியர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "நூலகத்துக்கு என்ன செய்யலாம் சார்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தில் பிள்ளைகள் திணறுவார்கள்? எதை நேரில் பார்த்தால் புரியும்?" என்று கேளுங்கள். அறிவியல் டீச்சர் உலோகங்கள் என்பார். கணக்கு சார் சதவீதம் என்பார். சமூக அறிவியலில் கூட்டுறவு என்று வரும். இந்த மூன்றுக்கும் சேலத்திலேயே ஆள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு நீள நோட்டு வாங்கி நூலக மேசையில் வையுங்கள். மேலே 'கேள்வி நோட்டு' என்று எழுதினால் போதும். எந்தப் பிள்ளையும் எந்தக் கேள்வியையும் எழுதலாம்; பெயர் போட வேண்டியதில்லை, பிழை திருத்த மாட்டோம். முதல் வாரம் "பேய் இருக்கா?" என்றுதான் வரும். அதையும் விட்டு வையுங்கள். மூன்றாவது வாரம் "வெள்ளி ஏன் கறுக்குது?", "ஜவ்வரிசி எந்தச் செடியில காய்க்குது?" என்று வர ஆரம்பிக்கும். வெளியே போய் யாரிடமும் உதவி கேட்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது இந்த நோட்டுதான். பிள்ளை தன் கையெழுத்தில் எழுதிய கேள்வியைப் பார்த்த பிறகு "நேரமில்லை" என்று சொல்லப் பெரியவர்களுக்கு மனம் வராது.

ஊரில் யார் யார் இருக்கிறார்கள்

சேலத்துக்காரர்களுக்கு இந்தப் படி எளிது. டவுன் பஸ் போகும் தூரத்துக்குள் இருப்பவற்றை மட்டும் எழுதினாலே ஒரு பக்கம் நிரம்பும்.

அம்மாபேட்டை, குகைப் பக்கம் நெசவாளர் வீடுகள். கைத்தறித் தொழில்நுட்பத்துக்கென்றே 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் சேலத்தில் இருக்கிறது. கணினி அறிவியல் சொல்லித் தருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜக்கார்டு தறியில் தொங்கும் அட்டைகளில் துளை இருந்தால் ஓர் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. 1804-இல் பிரான்சில் ஜோசப் ஜக்கார்டு உருவாக்கிய இந்த முறையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கும் துளை அட்டையைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். துளை உண்டு, இல்லை, ஒன்று, சுழியம். ஒரு நெசவாளர் பழைய அட்டைக் கட்டு ஒன்றை நூலகத்துக்குக் கொண்டு வந்து, கட்டத்தாளில் ஒரு மாங்காய் டிசைன் எப்படி அட்டையாகிறது என்று காட்டினால் போதும். கணினியே இல்லாத பள்ளியில்கூட நிரலாக்கத்தின் அடிப்படை அன்று பிள்ளைகளுக்குப் பிடிபடும். தன் அப்பா தறியில் கணினியின் பாட்டன் தொங்குகிறான் என்று அறிந்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஜவ்வரிசிக்கு ஆத்தூர், தலைவாசல் வரை ஆலைகள் இருக்கின்றன. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையிடமும் சேலம்தான். கூட்டுறவு பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணத்துக்கு எங்கே போவது? ஆலைக்குள் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போவதைவிட, ஆலையில் வேலை தெரிந்த ஒருவரை நூலகத்துக்கு அழைப்பது நல்லது. ஜவ்வரிசி செய்யும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, துருவி, துணியில் பிழிந்து, பாலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் மாவு அடியில் படிவதைப் பிள்ளைகளே பார்க்கலாம். ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம். பச்சைக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருப்பதால் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதுவும் வேதியியல்தான்.

ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்து நட்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அந்தப் பூச்சியை மருந்தடித்து ஒழிக்கப் போராடுவதைவிட, அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒரு சின்னக் குளவியை விட்டுக் கட்டுப்படுத்தும் முறை ஆப்பிரிக்காவில் 1980-களில் பெரிய அளவில் வென்றது. அதற்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி இனத்தை நம் பக்கமும் கொண்டு வந்து விட்டார்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். இப்படி ஒருவர் வருவதற்கு முந்தைய வாரம் பூச்சிகள், உணவுச் சங்கிலி, ஆப்பிரிக்க வரைபடம் என்று கையில் இருக்கும் புத்தகங்களை எடுத்துத் தனி மேசையில் வைப்பது நூலகரின் வேலை. வந்தவர் பேச்சு முடிந்ததும் அந்த மேசை காலியாகிவிட வேண்டும். அப்படி ஆனால்தான் அது நூலக நிகழ்ச்சி.

கடிதமும் அனுமதியும்

தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து ஒரு தீர்மானம் போடுங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தீர்மானத்தால் அனுமதி மட்டும் கிடைப்பதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் ஒருவர் கொலுசுக்கு மணி கோப்பவராக இருப்பார், இன்னொருவரின் தம்பி இரும்பாலையில் வேலை பார்ப்பார். நீங்கள் தேடும் ஆள் பலமுறை அங்கேயே கிடைத்துவிடுவார்.

அழைப்புக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பில் இப்போது உலோகங்கள் பாடம் நடக்கிறது. வெள்ளியைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய கேள்விகளை இத்துடன் வைத்திருக்கிறோம். இவற்றில் உங்களுக்குத் தெரிந்தவற்றுக்கு நீங்கள் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் போதும். உங்கள் பட்டறைக்கு லீவாக உள்ள நாளில் வைத்துக்கொள்கிறோம். மேடை, மாலை, சொற்பொழிவு கிடையாது. பொருள் எதுவும் வாங்கி வர வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்றிரண்டைக் காட்டினால் மகிழ்வோம். வகுப்பாசிரியர் கூடவே இருப்பார்."

கடைசி வரி வந்தவருக்காக மட்டும் இல்லை. வெளியாள் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், பிள்ளைகளோடு தனியாக விடக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தை ஆசிரியர்கள் அனைவரும் அறிவோம். நூலகத்துக்கு வரும் தன்னார்வலருக்கும் அதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் போன் நம்பரை வாங்கக் கூடாது, பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் எடுத்துப் போடக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098 நூலகச் சுவரில் இருக்கட்டும்.

ஒரு கொலுசுக்காரர் வந்தால்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரத்துக்கும் கொலுசுப் பட்டறைகளுக்கும் பேர் போனது. பட்டறைக்காரரைத் தீபாவளிக்கு முன்போ, முகூர்த்த மாதங்களிலோ அழைக்காதீர்கள். அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. அமாவாசை லீவு என்றால் அந்த நாள் வசதிப்படும். கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்தைய நூலகப் பாட வேளையில் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாக்கி, கேள்வி நோட்டிலிருந்து குழுவுக்கு இரண்டு கேள்வி கொடுங்கள். கேட்பது அவர்கள், எழுதிக்கொள்வதும் அவர்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வருபவரை மேடை ஏற்றி மைக்கைக் கொடுத்தால், பழக்கமில்லாதவர் தடுமாறுவார், அல்லது "நல்லாப் படிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். வட்டத்தில், கையில் கம்பியும் குறடும் இருந்தால் அவர் பேச்சு தானாக வரும். நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலையை நூலகத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

கணக்கு சாரை அன்று கட்டாயம் உட்கார வையுங்கள். 92.5 சதவீத வெள்ளியில் 80 கிராம் கொலுசு என்றால் சுத்த வெள்ளி எவ்வளவு? 74 கிராம். மீதி 6 கிராம் பெரும்பாலும் செம்பு. ஏன் கலக்கிறார்கள்? சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், நடந்தால் தேயும், வளையும். வெள்ளி 962 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுகிறது, செம்பு 1,085-இல். இந்த எண்கள் பாடப்புத்தகத்திலும் இருக்கலாம், ஆனால் உருக்கிப் பழகியவர் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்வார். கறுப்பது ஏன் என்ற கேள்விக்கு அவர் "காத்து பட்டா கறுக்கும்" என்பார். காற்றில் உள்ள கந்தகச் சேர்மம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது என்று டீச்சர் தொடர்வார். இந்த இரண்டு பதில்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

"சேதாரம்னு கழிக்கிற வெள்ளி எங்க போகுது?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும். அராவும்போது உதிரும் தூளைச் சேர்த்து வைப்பதையும், நகைப் பட்டறைக் குப்பையிலிருந்தே உலோகத்தைப் பிரிப்பதையும் அவர் சொன்னால், மறுசுழற்சிப் பாடமும் முடிந்தது.

அடுத்த பாட வேளையில் ஒவ்வொரு குழுவும் தெரிந்துகொண்டதை ஒரு தாளில் எழுதிப் படம் வரையட்டும். தாள்களைத் தைத்து, பதிவேட்டில் எண் போட்டு, மற்ற புத்தகங்களோடு அலமாரியில் வையுங்கள். ஒரு பிரதியைப் பட்டறைக்காரருக்குக் கொடுத்து அனுப்புங்கள். தப்பாக எழுதியிருந்தால் அவரே திருத்தி அனுப்புவார். அடுத்த ஆண்டு நீங்கள் கூப்பிடாமலே "எப்ப வரணும்?" என்று கேட்பார்.

மலைக்கு மேலே

ஏற்காட்டில் இதே முறையை அப்படியே வைக்க முடியாது. பஸ் நேரம், மூடுபனி, நெட்வொர்க் எல்லாமே வேறு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். பெற்றோர் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், வரச் சொல்லவும் கூடாது, ஒரு நாள் கூலி போய்விடும். ஜூலை, ஆகஸ்டில் வேலையை முடித்துவிடுங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் மாலை நேரம் இருக்கிறது. விடுதிக் காப்பாளரோடு பேசி, படிப்பு நேரத்தில் ஒரு பகுதியை நூலகத்துக்குக் கேட்கலாம்.

வளத்துக்குக் குறைவே இல்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் ஏற்காட்டில் இருக்கிறது. தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஓய்வுக் காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில். நினைவிடம் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. வரலாறு ஆசிரியர் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை நடத்தியே கூட்டிப் போகலாம்.

ஆனால் மலையில் மிகப் பெரிய நூலகம் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் தாத்தா பாட்டிகள்தான். சேர்வராயன் கோயில் திருவிழா, சாமை, தினை விதைத்த காலம், காட்டுக் கிழங்குகளின் பெயர், காஞ்சியிலிருந்து மலையேறி வந்த கதை எல்லாம் அவர்கள் நினைவில் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்டு எழுதி, படம் வரைந்து, சின்னப் புத்தகங்களாக்கலாம். குழந்தைகள் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழிலேயே கதை உருவாக்கவும், அச்சிட்டுக்கொள்ளவும் வசதி இருக்கிறது. அதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். அந்தத் தளத்தில் போடுவதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றவும் செய்யலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சாமி சம்பந்தமான சில விஷயங்களை வெளியே சொல்ல வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். ஊருக்குள் இருக்கட்டும் என்றால் கையெழுத்துப் பிரதியாகப் பள்ளி அலமாரியில் மட்டும் வையுங்கள். கதை சொன்னவர் பெயர் அட்டையில் இருக்க வேண்டும். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் ஒப்ப மாட்டேன்.

நெட் வராத இடத்தில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் கை கொடுக்கும். தமிழ் விக்கிப்பீடியாவைச் சேலத்தில் ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் கொண்டு போய்ப் பள்ளிக் கணினியில் போட்டுவிட்டால் நெட் இல்லாமலே தேடிப் படிக்கலாம்.

கிளை நூலகம், கல்லூரி, கம்பெனி

சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியாகவும் நாம் கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு அது. ஆகவே பக்கத்துக் கிளை நூலகம் ஏற்கெனவே உங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தமானது. அங்குள்ள நூலகரையும் வாசகர் வட்டத்தையும் சந்தித்து, ஒரு வகுப்பு முழுவதையும் உறுப்பினராக்குங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். பிள்ளைகள் செய்த புத்தகங்களை அங்கே வைக்கலாம்.

கல்லூரி என்றால் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பிடியுங்கள். அந்த மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பலமுறை சுவருக்கு வெள்ளையடிப்பதிலேயே அது போகிறது. புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்ற, வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க அவர்களைக் கேளுங்கள். பட்டியலுக்குத் தேசியத் தகவல் மையத்தின் இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள் இருக்கிறது. ஆயிரம் புத்தகத்துக்குக் குறைவு என்றால் சாதாரண எக்செல் தாளே போதும்.

கம்பெனிப் பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற தமிழக அரசின் திட்டம் வழியாக அதைப் பெறலாம். ஆனால் ஓராண்டு வேலை நடந்த பிறகு, தைத்த தாள்களையும் கேள்வி நோட்டையும் கொண்டு போய்க் கேட்டால், எதற்குப் பணம் வேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும். அச்சுச் செலவு, ஒரு புரொஜெக்டர், மலையிலிருந்து பிள்ளைகள் வந்து போக வேன் வாடகை என்று குறிப்பாகக் கேட்க முடியும். அதற்கு முன்னால் கேட்டால் மறுபடியும் பீரோதான் வரும்.

கணக்கு வைப்பது

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படம் எடுத்தோம் என்பதை வைத்து எதையும் அளக்க முடியாது. மூன்றை மட்டும் குறித்து வையுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் எந்தப் புத்தகங்கள் எத்தனை முறை வெளியே போயின. கேள்வி நோட்டில் கேள்விகளின் தன்மை எப்படி மாறியது. பாட ஆசிரியர் மறுபடி ஒரு நிகழ்ச்சி கேட்டாரா. மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அவரோடு உட்கார்ந்து காரணத்தைப் பேசுங்கள். பெரும்பாலும் தேர்வு நெருக்கம்தான் காரணமாக இருக்கும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு முந்தைய மூன்று வாரங்களில் எதையும் வைக்காதீர்கள்.

இன்னொன்று, பணிமாறுதல். நூலகத்தைக் கட்டி எழுப்பியவர் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போனதும் எல்லாம் நின்றுபோவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். அதனால் எல்லாவற்றையும் உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். யார் வந்தார், எந்தப் பாடத்துக்கு, எந்த மாதம் அவருக்கு வசதி, எப்படிக் கூப்பிட்டால் வருவார் என்று ஒரு ஃபைலில் எழுதி, தீர்மான நகலையும் கடித நகலையும் சேர்த்துத் தலைமையாசிரியர் அறையில் ஒன்று, நூலகத்தில் ஒன்று வையுங்கள். அடுத்துப் பொறுப்பேற்கப் போகிறவரை முன்பே தெரிந்தால், கடைசியாக நடக்கும் நிகழ்ச்சிக்கு அவரையே கடிதம் எழுதவும், வருபவரை வாசலில் நின்று வரவேற்கவும் சொல்லுங்கள்.